கழன்று வந்த போல்ட்டில் வெள்ளை டேப்

உடைத்ததைக்கூட மன்னித்துவிடலாம். உடைத்த இடத்தில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி, கறுப்பு பேஸ்ட்டை அப்பி, "எல்லாம் ஓகே சார்" என்று சாவியைக் கையில் கொடுத்த மெக்கானிக்கை எப்படி மன்னிப்பது?

என் கார் எஞ்சின் ஹெட்டை மேலே மூடியிருக்கும் டேப்பட் கவரில் ஆயில் கசிவு. சிதம்பரம் போய் வந்த வழியெல்லாம் வண்டிக்குள் கருகல் வாடை. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார். கசிந்த ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டினால் அப்படித்தான் நாறும், புகையும். சரி, புது ரப்பர் பேக்கிங் போட்டால் தீர்ந்தது, வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம் என்று பானெட்டைத் திறந்தேன்.

மற்ற போல்ட்டெல்லாம் ஒழுங்காகத்தான் வந்தன. ஓரத்தில் இருந்த ஒன்றுக்கு ஸ்பேனரே தேவைப்படவில்லை. விரலால் பிடித்துத் தூக்கினேன், கையோடு வந்துவிட்டது. மரை முழுக்க வெள்ளை டேப். டேப்பைப் பிரித்தால் உள்ளே இடியாப்ப இழை மாதிரி அலுமினியம் சுற்றிக்கொண்டு நிற்கிறது. அது போல்ட்டின் மரை இல்லை. எஞ்சின் ஹெட்டில் இருக்க வேண்டிய மரை, மொத்தமாகப் பிய்ந்து போல்ட்டோடு வந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டைச் சுவர் மழமழவென்று இருந்தது.

போன வருஷம் இந்தக் கவரைக் கழற்றி மாட்டியது ஒரே ஒரு பட்டறைதான். அவனுக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஸ்பேனர் பிடித்த எவனுக்கும் தெரியும், கை சொல்லிவிடும். போல்ட் இறுக இறுக ஸ்பேனர் கனக்கும். மரை போகிற நொடியில் அந்தக் கனம் சட்டென்று விட்டுப்போகும், போல்ட் சும்மா சுற்றும். அப்படிச் சுற்றியபோது அவன் கையை எடுத்திருக்கிறான். போல்ட்டை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த அலுமினியச் சுருளைப் பார்த்திருக்கிறான். எழுந்து போய் டேப்பைத் தேடி எடுத்து வந்திருக்கிறான். நிதானமாகச் சுற்றி, பேஸ்ட் தடவி, ஓட்டையில் திணித்து, வழிந்ததைத் துணியால் துடைத்திருக்கிறான். இத்தனை வேலைக்கும் நேரம் இருந்தவனுக்கு, "சார், ஒரு மரை போயிடுச்சு" என்று சொல்ல நேரமில்லையா?

ஆறு எம்எம் போல்ட் அது. பெரும்பாலான எஞ்சின்களில் இதற்கு வேண்டிய முறுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான், சிலவற்றில் அதைவிடக் குறைவு. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு, அவ்வளவே. வீல் நட்டைக் கழற்றுகிற ஏர் கன்னோ நூற்றுக்கணக்கில் தள்ளும். அதை இந்த போல்ட்டில் வைத்தால் என்ன ஆகும்? போல்ட் எஃகு, ஹெட் அலுமினியம். மிருதுவானதுதான் போகும். இத்தனைக்கும் ரப்பர் பேக்கிங்கை அளவுக்கு மீறி இறுக்கினால் கசிவு நிற்காது. ரப்பர் பிதுங்கி இன்னும் கசியும். இறுக்கினால் நல்லது, இன்னும் இறுக்கினால் இன்னும் நல்லது என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

போன் செய்தேன். "பழைய வண்டிண்ணே, கடல் காத்துல அப்படித்தான் ஆகும்" என்கிறான். கடலூரில் பிறந்து வளர்ந்தவனிடம் கடல் காற்றைப் பற்றிப் பேசுகிறான்! தேவனாம்பட்டினம் பக்கம் போல்ட் தலை துருப்பிடிக்கும், உப்பு ஏறி எஃகும் அலுமினியமும் ஒட்டிக்கொள்ளும், அதெல்லாம் தெரியும். கடல் காற்று டெஃப்லான் டேப் சுற்றுமா?

அப்புறம் ஹெலிகாயில் என்கிற எஃகுச் சுருளைத் தேடி அலைந்த கதை. மரை போன ஓட்டையை 6.3 எம்எம் துரப்பணத்தால் பெரிதாக்கி, அதற்கென்று இருக்கும் வெட்டுக்கருவியால் புது மரை வெட்டி, அந்தச் சுருளை உள்ளே ஏற்றினால் பழைய ஆறு எம்எம் போல்ட்டே திரும்பப் பிடிக்கும். பழைய அலுமினிய மரையைவிட உறுதியாகவே பிடிக்கும். இதை லாரன்ஸ் ரோட்டில் கேட்டால், "எட்டு எம்எம் போட்டு இறுக்கிடுங்க சார், யார் பார்க்கப் போறா?" என்று பதில். அந்த இடத்தில் ஹெட்டின் சுவர் எவ்வளவு மெல்லிசு! எட்டு எம்எம் போட்டால் விரிசல் விடும். விரிசல் விட்டால் ஹெட்டே போச்சு. மஞ்சக்குப்பத்தில் ஒருவர் எம்சீல் வைக்கச் சொன்னார். கடைசியில் பாண்டிச்சேரி போய்த்தான் அந்த செட்டை வாங்கினேன்.

துரப்பணத்தில் கிரீஸ் தடவி, வெட்டுத்தூள் ஒன்றுகூட உள்ளே விழாமல் சுற்றிலும் துணி திணித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். சுருள் ஹெட்டின் மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்ததும் அதைச் சுற்றி இறக்க அடியில் இருந்த சிறு நாக்கை உடைத்து எடுத்தேன். போல்ட்டை இறுக்க, குறித்த முறுக்கு வந்ததும் டார்க் ரென்ச் 'டக்' என்றது. கசிவு நின்றது. நான் செய்யாத தப்புக்கு என் காசு, என் லீவு, என் முதுகுவலி.

சரி, அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று கேட்டைத் திறந்தால், தெருவைக் குறுக்கே வெட்டிப் போட்டிருக்கிறார்கள். குழாய் பதிக்கிறார்களாம். ஒரு அறிவிப்பு கிடையாது, கேட்க ஆள் கிடையாது. போன தடவை வெட்டிய பள்ளத்தையே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள், முதல் மழையிலேயே ஒரு ஆட்டோவின் சக்கரம் உள்ளே இறங்கியது. ஐப்பசி மழை வரப்போகிற நேரத்தில் யாராவது தெருவை வெட்டுவார்களா?