பி-305 மூழ்கியது படைகளின் சண்டையாலா?
மழைக்காலம் வந்தால் தாராவி, மாட்டுங்கா தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பிக்கிறது: ‘2021-ல் ஹெலிகாப்டரை யார் அனுப்புவது என்று கடற்படையும் கடலோரக் காவல்படையும் சண்டை போட்டன. அதனால்தான் பி-305 மிதவையில் இருந்தவர்கள் செத்தார்கள்.’

இது தவறு. மும்பை கடலில் எண்ணெய் வயல் தொழிலாளர்கள் தங்கியிருந்த அந்த மிதவை (பார்ஜ் எனப்படும் தட்டையான பெரிய படகு), டவ்தே புயலில் நங்கூரம் அறுந்து, மே 17 மாலை மூழ்கியது. அதில் இருந்த 261 பேரில் 186 பேர் மீட்கப்பட்டார்கள். ஹெலிகாப்டர் உடனே வராததற்குக் காரணம் காற்று. ஒரு மனிதரைக் கயிற்றில் தூக்க ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். புயலுக்குள் அது நடக்காது. அதனால் ஐஎன்எஸ் கொச்சி போன்ற போர்க்கப்பல்கள்தான் முதலில் போய், இருட்டிலும் பேரலையிலும் ஆட்களைத் தூக்கின. காற்று தணிந்ததும் ஹெலிகாப்டர்கள் பறந்தன. அதே புயலில் கரைதட்டிய ‘கால் கன்ஸ்ட்ரக்டர்’ என்ற இன்னொரு மிதவையிலிருந்து கடலோரக் காவல்படையின் சேத்தக் ஹெலிகாப்டர்கள் ஆட்களை மீட்டன.

சரி, படைகளுக்குள் போட்டியே கிடையாதா? உண்டு. ஹெலிகாப்டர்கள் யாருக்கு என்று ராணுவமும் விமானப்படையும் நெடுங்காலம் மோதின. ராணுவத்துக்குத் தனி வான்பிரிவு 1986-ல்தான் கிடைத்தது. கடல் மீட்பில் அந்தக் குழப்பம் இல்லை: ஒருங்கிணைப்பது கடலோரக் காவல்படை, கடற்படை துணை நிற்கும்.

புயல் எச்சரிக்கை வந்த பிறகும் மிதவை ஏன் கடலிலேயே நின்றது? இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பதில் வேண்டியது அதற்குத்தான். வதந்தி அதை மறைக்கிறது.

கடலில் ஆபத்தென்றால் 1554-ஐ அழையுங்கள். அது கடலோரக் காவல்படையின் அவசர எண்.