வாக்குச்சாவடியில் செல்லும் அட்டை நகைக்கடன் கவுண்டரில் செல்லாதா?

2024 ஏப்ரல் 19 அன்று என் பெரியம்மா ஓட்டுப் போட்டார். பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். பழைய வீட்டைப் பிரித்துக் கட்டியபோது அவருடைய வாக்காளர் அட்டை எங்கோ தொலைந்துவிட்டது. அதனால் நூறு நாள் வேலை அட்டையை மஞ்சள் பையில் வைத்து எடுத்துப் போனார். அலுவலர் அட்டையில் இருந்த படத்தையும் பெரியம்மாவின் முகத்தையும் பார்த்தார், வாக்காளர் பட்டியலில் பெயரைச் சரிபார்த்தார், விரலில் மை வைத்து உள்ளே அனுப்பினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அதே அட்டையோடு ஜூன் மாதம் ஒரு நகைக்கடன் கிளைக்குப் போனோம். பேத்திக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், மூன்று பவுன் சங்கிலியை வைத்துப் பணம் வாங்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் சொல்ல வருவது அந்த ஒரு கிளையைப் பற்றி மட்டும் இல்லை.

முதலில் ஆதாரைத்தான் கொடுத்தோம். ஆதாரோடு இணைத்திருந்தது மூத்த மகனுடைய பழைய கைபேசி எண். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அது எப்போதோ செத்துப்போய்விட்டது. ஓடிபி வர வழியில்லை. சரி, கைரேகை வையுங்கள் என்றார்கள். பெரியம்மா முப்பது வருடமாக முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். அந்தக் கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனி கறுத்து, உரிந்து, வழுவழுவென்று ஆகிவிடும். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் இந்த வேலை செய்யும் பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். கருவி ஒன்றையும் எடுக்கவில்லை.

அப்போதுதான் பெரியம்மா வேலை அட்டையை எடுத்து நீட்டினார். கவுண்டரில் இருந்த பையன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் செல்லாதும்மா. இது நூறு நாள் வேலைக்குக் குடுக்கறது."

"தம்பி, இதுல ஃபோட்டோ இருக்குப்பா. கவருமெண்டு சீல் இருக்கு. இத வெச்சுத்தான் போன மாசத்துக்கு முந்துன மாசம் ஓட்டே போட்டேன்."

"ஓட்டு வேற, லோன் வேறம்மா."

ஓட்டும் கடனும் வேறு வேறு என்பது உண்மைதான். ஆனால் அந்த அட்டை இரண்டுக்கும் செல்லும். தேர்தல் ஆணையம் தன் பட்டியலில் வேலை அட்டையைச் சேர்த்திருப்பதுபோல, நிதி நிறுவனங்களுக்கான பட்டியலிலும் அது இருக்கிறது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2005-இல் வந்த விதிகளில் 'அதிகாரபூர்வமாகச் செல்லுபடியாகும் ஆவணம்' என்று ஒரு வரையறை உண்டு. ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் யார் என்று ஆவணம் வாங்கிச் சரிபார்ப்பது) வழிகாட்டுதலும் அதையே பின்பற்றுகிறது. அதில் மொத்தமே ஆறு ஆவணங்கள்தான்: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார் எண் வைத்திருப்பதற்கான சான்று, வாக்காளர் அட்டை, மாநில அரசு அலுவலர் கையெழுத்திட்ட ஊரக வேலை உறுதித் திட்ட அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து பெயரும் முகவரியும் போட்டு வந்த கடிதம். பெரியம்மா நீட்டிய அட்டை அதில் ஐந்தாவது.

அந்தக் கிளையில் அப்புறம் நடந்தது என்ன தெரியுமா? "ரேஷன் கார்டு, பான் கார்டு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். ரேஷன் அட்டை அந்த ஆறில் இல்லை. பான் அட்டையும் இல்லை. பான் எண் வருமான வரிக்காகத் தனியாகக் கேட்கப்படுவது, அதில் முகவரியே கிடையாது. ஆக, பட்டியலில் இருப்பதைத் தள்ளிவிட்டு இல்லாததைக் கேட்டார்கள். அவர்களுக்குக் கண்ணுக்குப் பழகிய அட்டையே செல்லும் அட்டை.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபத்து மூன்று வயது இருக்கும். அவன் கணினித் திரையில் நான்கு வகை அட்டைகள் தெரிந்தன, ஐந்தாவதைச் சேர்க்க இடமில்லை. தப்பான அட்டையை வாங்கினால் மேலிருந்து அவனைக் கேள்வி கேட்பார்கள். சரியான அட்டையைத் திருப்பி அனுப்பினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். இப்படி இருக்கும்போது யாராக இருந்தாலும் தெரியாத அட்டையைத் திருப்பித்தான் அனுப்புவார்கள். தவறு அந்த மென்பொருளை வாங்கியவர்களிடமும் அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர்களிடமும் இருக்கிறது. ஆறு வரிப் பட்டியல் அது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

போலி அட்டை வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேலை அட்டையில் ஒரு எண் இருக்கிறது. திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று இறங்கிப் போனால் அந்த எண்ணும் குடும்பத்தில் உள்ளவர்களின் பெயரும் எத்தனை நாள் வேலை பார்த்தார்கள் என்பதும் தெரியும். யாரும் பார்க்கலாம், கடவுச்சொல் வேண்டாம். அன்று அந்தக் கவுண்டர் முன்னால் நின்றபடியே என் கைபேசியில் எடுத்துக் காட்டினேன். மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், எங்க சிஸ்டம்ல எடுக்காது" என்று சொல்லிப் போய்விட்டார். ஆதார் அட்டையில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்கவும் வழி உண்டு, அதற்கு ஓடிபியும் வேண்டாம், விரலும் வேண்டாம். அதையும் கேட்டேன். அதற்கும் அதே பதில்தான்.

வெளியே வந்து தெருவில் நின்றோம். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. அட்டையைப் பழையபடி பிளாஸ்டிக் உறையில் போட்டு மஞ்சள் பையில் வைத்தார். பிறகு அதே தெருக்கோடியில் இருந்த தெரிந்த அடகுக்காரரிடம் போய் மூன்று வட்டிக்குச் சங்கிலியை வைத்தார். மாதம் நூற்றுக்கு 3 ரூபாய், வருடத்துக்கு 36. கட்டணம் கட்டக் கடைசி நாள் மறுநாள், அவருக்கு வேறு வழியில்லை. அட்டை செல்லாது என்ற ஒரு வார்த்தைக்கு அந்தக் குடும்பம் கட்டிய விலை அந்தக் கூடுதல் வட்டி. நான் கடன் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சுபாவம் அது.

பெரியம்மாவுக்கு நடந்தது கிராமத்தில், படிக்காதவர்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். என் நண்பர் ஒருவர் பழனியில் விடுதி அறை கேட்டுப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருக்கிறார். "இது வெளிநாடு போறவங்களுக்குத்தான் சார், ஆதார் குடுங்க" என்று பதில் வந்திருக்கிறது. காவல்துறை வீட்டுக்கு வந்து விசாரித்த பிறகு இந்திய அரசு கொடுக்கிற ஆவணம் அது. அதைவிட வலுவான அடையாளம் இந்த நாட்டில் எதைக் காட்டுவது? கடைசிப் பக்கத்தில் முகவரியும் இருக்கிறது. விடுதியில் தங்க ஆதார் மட்டும்தான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லப்போனால் 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கேட்க இடம் கொடுத்த ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவின் பகுதியை ரத்து செய்தது. அதன் பிறகு 2019-இல் வந்த திருத்தச் சட்டம் வங்கிக்கும் தொலைபேசிச் சேவைக்கும் விருப்பத்தின் பேரில் ஆதாரைப் பயன்படுத்த வழி விட்டது. விருப்பத்தின் பேரில் என்ற அந்தச் சொல் நம் ஊர்க் கவுண்டர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அந்த விடுதியில் வாங்கும் ஆதாரை வைத்து என்னதான் செய்கிறார்கள்? ஒரு ஜெராக்ஸ், ஒரு கோப்பு, கோப்பு நிறைந்ததும் ஒரு மூலை. ஸ்கேன் செய்வதில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதும் இல்லை. ஜெராக்ஸ் எடுத்து அடுக்கி வைப்பதைச் சரிபார்ப்பு என்று சொல்லக் கூடாது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவர்களிடமும் கொடுக்காதீர்கள், விடுதிகளும் திரையரங்குகளும் உரிமம் இல்லாமல் நகல் வாங்கி வைக்க முடியாது என்று அறிவிப்பு வெளியிட்டது. இரண்டு நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளலாம் என்று காரணம் சொன்னார்கள். அதற்குப் பிறகும் நகல் கேட்பது குறையவில்லை.

ஆவணங்களைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்ள அரசு கொடுத்திருக்கும் டிஜிலாக்கர் கதையும் இதுதான். 2017 பிப்ரவரியில் விதி திருத்தி, டிஜிலாக்கர் வழியாக வழங்கப்படும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று மத்திய அரசே சொல்லிவிட்டது. 2018-லிருந்து ரயிலிலும் அதிலிருக்கும் ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் ஏற்கிறார்கள். ஓடும் ரயிலில் பரிசோதகர் ஏற்றுக்கொள்வதை, நின்ற இடத்தில் இருக்கும் கடைக்காரர் "அசல் கொண்டு வாங்க" என்று திருப்புகிறார்.

திருநங்கையரின் நிலைமை இன்னும் கடினம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் அடையாளச் சான்றிதழும் அட்டையும் வழங்குகிறார், அதை வைத்து மற்ற ஆவணங்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அதற்கு வெகு முன்பே, 2008-இல், நலவாரியம் தொடங்கினார்கள். ஆனாலும் பழைய பெயரில் உள்ள ஆதாரை மட்டும் காட்டச் சொன்னால், கவுண்டரில் நிற்கும் பெண் எல்லோர் முன்னாலும் தன் பழைய பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்சியர் கையெழுத்துப் போட்ட அட்டை பையில் இருக்கும்போதே இது நடக்கிறது. எனக்கு மனது பொறுக்கவில்லை.

என் கருத்து ஒன்றுதான். ஓர் அட்டை செல்லுமா செல்லாதா என்பதைக் கவுண்டரில் இருப்பவரின் பழக்கம் தீர்மானிக்கக் கூடாது. எந்த வேலைக்கு எந்தெந்த ஆவணம் செல்லும் என்ற பட்டியலை ஒவ்வொரு கிளையிலும், விடுதியிலும் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். வட்டி விகிதத்தை ஒட்டுகிறார்கள், விடுமுறை நாளை ஒட்டுகிறார்கள், இதை ஒட்டுவதில் என்ன கஷ்டம்? அப்படியும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் 'செல்லாது' என்று சொல்வது சுலபம். கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடு என்றால் யாரும் ஒருமுறை பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கு அது. கேமரா முன் கண்ணைச் சிமிட்டினால்தான் கேஒய்சி முடியும் என்றால் சிமிட்ட முடியாதவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டு வந்தவர்கள் அவர்கள். டிஜிட்டல் சேவையைப் பெறுவது வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி கேஒய்சி வழிகாட்டுதலைத் திருத்தியது. எந்த விண்ணப்பத்தையும் யோசிக்காமல் நிராகரிக்கக் கூடாது, நிராகரித்தால் அந்த அலுவலர் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று சேர்த்தது. கண்ணைச் சிமிட்ட முடியாதவர்களுக்காக வந்த தீர்ப்பு, விரல் ரேகை தேய்ந்த என் பெரியம்மாவுக்கும் துணைக்கு வரும் என்று நினைக்கிறேன். அந்தப் பதிவை வாடிக்கையாளர் கையில் ஒரு தாளாகவும் கொடுக்க வேண்டும் என்று வந்துவிட்டால் இன்னும் நல்லது.

உங்களுக்கோ வீட்டுப் பெரியவர்களுக்கோ இப்படி நடந்தால், முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள், ரசீதோ புகார் எண்ணோ வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம், கட்டணம் கிடையாது. நாங்கள் அன்று இதைச் செய்யவில்லை. கட்டணம் கட்டும் அவசரம் முன்னால் நின்றது, எனக்கும் அப்போது அந்த ஆறு வரிப் பட்டியல் முழுதாகத் தெரியாது. வீட்டுக்கு வந்துதான் தேடிப் படித்தேன்.

பொங்கலுக்கு முன்னால் சங்கிலியை மீட்டுவிட்டார். பட்டியலைத் தமிழில் தட்டச்சு செய்து, லேமினேட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வேலை அட்டையோடு சேர்த்து மஞ்சள் பையில் வைத்திருக்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா கூட்டுறவு வங்கிக்குப் போகிறேன் என்றதும் அவருக்கும் ஒன்று வேண்டும் என்று ஃபோன் செய்தார். இருபது பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் வங்கியிலோ நகைக்கடன் கிளையிலோ வேலை பார்ப்பவர்கள் இருந்தால் ஒன்று கேட்கிறேன். நாளைக்கு வேலைக்குப் போனதும் உங்கள் திரையில் அந்த வேலை அட்டைக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மேலே எழுதுங்கள். இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லுங்கள்.