உண்டியலில் போட்டால் கடன் தீராது

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோவில்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பங்குச் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புப் பெற, வரிசை நிற்கும். நல்லதுதான். ஆனால் ஏமாற்றி வாங்கிய பணம் இன்னும் யார் வீட்டில் இருக்கிறது? ஐந்தொகையில் ஒரு ரூபாய் இடித்தாலும் தூங்காத ஊர் நம் ஊர். இந்த ஒரு கணக்கை மட்டும் ‘ஆண்டவர் இரக்கமுள்ளவர்’ என்று சொல்லி மூடிவிடுகிறோம்.

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூல்காரன் சக்கேயுவின் கதையை (லூக்கா 19) கணக்குப் பார்த்துப் படியுங்கள். ஏமாற்றியவன் தானே ஒப்புக்கொண்டால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது மோசேயின் சட்டம் (எண்ணிக்கை 5:7). நான்கு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அறுத்தவனுக்கும் விற்றவனுக்கும். 10,000 ரூபாய் ஏமாற்றியிருந்தால் 12,000 போதும். சக்கேயு சொன்னதோ நான்கு மடங்கு, அதாவது 40,000. அதுவும் சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்று சொன்ன பிறகு! இத்தனைக்கும் இயேசு நிபந்தனை எதுவும் போடவில்லை. மரத்திலிருந்து இறங்கச் சொன்னார், உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார், அவ்வளவே. இரக்கம் முதலில் வந்தது, பணப்பை அதற்குப் பிறகுதான் திறந்தது. அதனால்தான் நீதியையும் இரக்கத்தையும் தராசின் இரு தட்டாக வைத்துப் பிரசங்கம் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்ற நினைப்பு அது.

பணம் உரியவருக்கே போக வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுக்கு. நன்றாகத் தேடியும் ஆள் தெரியவில்லை என்றால்தான் ஏழைகளுக்கு. 13ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தாமஸ் அக்குவினா வகுத்த முறை இது. நம்மவர்கள் சறுக்குவதும் இங்கேதான். ஏமாந்தவர் இரண்டு தெரு தள்ளி இருப்பார், பணம் அந்தோணியார் உண்டியலுக்குப் போகும். நேரில் கொடுத்தால் மானம் போகுமே என்ற பயம். அதற்கும் வழி உண்டு. பெயர் எழுதாமல் கவரில் வைத்துச் சேர்ப்பிக்கலாம், சாமியாரிடம் கொடுத்து அனுப்பலாம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் யாரிடமும் சொல்லக்கூடாது. மொத்தமாகக் கொடுக்க வசதியில்லையா, தவணையாகக் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் உரியவரிடமே பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.

பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், பாவத்தால் வந்த சேதம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 1459) தெளிவாகவே சொல்கிறது.

பணத்தைவிடச் சிக்கலானது பேர். பெண்ணைப் பற்றிப் பொய் சொல்லிச் சம்பந்தத்தைக் கலைத்தவருக்கு மரியாளை நோக்கிய ‘அருள் நிறை’ மந்திரத்தை மூன்று முறை சொல்வது மட்டும் பரிகாரம் ஆகாது. யார் யாரிடம் சொன்னாரோ அவர்களிடமே போய் ‘நான் சொன்னது பொய்’ என்று சொல்ல வேண்டும். இதைக் கவரில் வைத்து அனுப்ப முடியாது.