அந்த உலோகத்தின் பெயரில் பாதி அவருடையது

நேற்று வாட்ஸப்பில் ஒரு காணொளி வந்தது. பயமுறுத்தும் இசை, ஒரு பெண்ணின் படம், "இவருக்கு என்ன ரகசியம் தெரியும்?" என்ற கேள்வி. முழுசாகப் பார்த்தேன். அவர் என்ன வேலை செய்தார் என்று ஒரு வரிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் மோனிகா ஜசிந்தோ ரேசா. ராக்கெட் எஞ்சின்களுக்கான உலோகங்களை உருவாக்கிய அறிவியலாளர். 2025 ஜூன் 22ஆம் தேதி காலை, கலிஃபோர்னியாவின் ஏஞ்சலஸ் தேசிய வனத்தில், மவுண்ட் வாட்டர்மேன் பக்கம் மலையேறப் போனவர் காணாமல் போனார். வயது 60. தனியாகவும் போகவில்லை. கொஞ்ச தூரம் பின்னால் வந்துகொண்டிருந்த மோனிகாவை, முன்னால் போன துணையாளர் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

சரி, அவர் செய்த வேலைக்கு வருகிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. கேஸ் கட்டிங் பார்த்திருப்பீர்கள். இரும்புத் தகட்டை ஓரிடத்தில் செக்கச்செவேலென்று காய வைப்பார்கள். அப்புறம் லிவரை அழுத்தினால் சுத்தமான ஆக்சிஜன் பீய்ச்சி அடிக்கும், தகடு சரசரவென்று பிளந்துகொண்டே போகும். தீ இரும்பை உருக்குகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் இரும்பே எரிகிறது, விறகு எரிகிற மாதிரி. பொறி பொறியாகக் கொட்டுவது எரிந்த இரும்புதான். எண்ணெய்க் கையோடு அந்த ஆக்சிஜன் சிலிண்டர் பக்கம் போனால் பட்டறை அண்ணன் போடுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும்.

இப்போது ராக்கெட்டுக்குள் பாருங்கள். சிலவகை எஞ்சின்களில் கொஞ்சூண்டு எரிபொருளை ஏராளமான ஆக்சிஜனோடு முன்கூட்டியே எரித்து, அந்தச் சூடான வாயுவை விட்டு, எரிபொருள் பம்புகளை ஓட்டும் டர்பைன் என்கிற சுழலியைச் சுழற்றுவார்கள். நல்ல திறன் கிடைக்கும். ஆனால் அந்த வாயுவில் மிச்சமிருப்பது பெரும்பாலும் ஆக்சிஜன், அதுவும் பயங்கர அழுத்தத்தில். பட்டறையில் தகட்டுக்கு நடப்பது அங்கே எஞ்சினுக்கே நடக்கும். சோவியத் பொறியாளர்கள் உட்பாகங்களுக்கு எனாமல் பூச்சு கொடுத்து இதைச் சமாளித்தார்கள். அமெரிக்காவுக்கு அது கைவரவில்லை. அட்லஸ் 5 ராக்கெட்டுக்கு ரஷ்யாவின் ஆர்டி-180 எஞ்சினையே விலைக்கு வாங்கிப் பொருத்தினார்கள்.

பூச்சே இல்லாமல் தாக்குப்பிடிக்கிற உலோகம் கிடைக்காதா என்று தேடியவர்களில் இரண்டு பெண்கள், மோனிகாவும் டாலிஸ் ஹார்ட்விக்கும். 1990களின் நடுவில், ராக்கெட் எஞ்சின் செய்யும் ராக்கெட்டைன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக நிக்கலை அடிப்படையாக வைத்து ஒரு கலப்புலோகம் செய்தார்கள். சூட்டில் வலுவும் குறையக் கூடாது, ஆக்சிஜனில் தீயும் பிடிக்கக் கூடாது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். இரண்டையும் ஒரே உலோகத்தில் கொண்டுவந்தார்கள். பெயர் மோண்டலாய். மோனிகாவின் 'மோன்', டாலிஸின் 'டால்'. இந்தப் பெயர்க் கதையை முதலில் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

2014இல் ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவைக் கைப்பற்றிய விவகாரம் வந்து, ரஷ்ய எஞ்சினை இனி நம்ப முடியாது என்றானபோது, பதிலுக்கு வடிவமைத்த ஏஆர்1 எஞ்சினில் இந்த உலோகம் இடம்பெற்றது. 2018இல் அட்லஸ் 5க்கு அடுத்து வரவிருந்த வல்கன் ராக்கெட்டுக்கு வேறு எஞ்சின் தேர்வானது என்பது தனிக்கதை. டாலிஸ் 2014இலேயே காலமாகிவிட்டார்.

இன்று காலை பட்டறை அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். கேஸ் கட்டரை வைத்தாலும் எரியாதா என்று இரண்டு தடவை கேட்டார். அடுத்த கேள்வி, "அந்தம்மாவ நல்லாத் தேடுனாங்களா தம்பி?"

தேடினார்கள். மீட்புக் குழுக்கள் ஹெலிகாப்டரோடு நாள்கணக்கில் தேடின. அப்படியும் எப்படிக் கிடைக்காமல் போகும் என்று கேட்பவர்கள் அந்த நிலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். சான் கேப்ரியல் மலைத்தொடர் அது. வாட்டர்மேன் சிகரம் 2,400 மீட்டருக்கு மேல். செங்குத்தான சரிவு, உதிர்பாறை, ஊசியிலை மரங்கள், கீழே போகப் போக ஆளை மறைக்கிற புதர். பாதையை விட்டு இருபது அடி சறுக்கினாலே மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. அதே மலைத்தொடரில், பால்டி மலையில், 2023 ஜனவரியில் காணாமல் போனவர் நடிகர் ஜூலியன் சாண்ட்ஸ். உலகமே அறிந்த முகம். பனிக்காலம் வேறு, திரும்பத் திரும்பப் போய்த் தேடினார்கள். ஜூன் 24 அன்று அந்தப் பக்கம் மலையேறப் போனவர்கள் கண்ணில்தான் அவர் உடல் பட்டது.

மோனிகாவுக்கு என்ன ஆனது என்று நான் முடிவுகட்ட வரவில்லை. கடத்தினார்கள் என்று சொல்கிறவர் கையில் ஆதாரம் இருந்தால் காட்டட்டும். இறந்துபோன, காணாமல் போன விஞ்ஞானிகள் என்று பத்துப் பெயரை அடுக்கிப் பின்னணி இசை போடுவது ஆதாரம் இல்லை. அவருக்கும் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் காணொளி அவர்கள் கைப்பேசிக்கும் போயிருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் வாரக்கடைசியில் அந்த வனத்துக்கு மலையேறப் போவதுண்டு. யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பாதையோரச் சரிவில் துணியோ பையோ தொப்பியோ தட்டுப்பட்டால் தொட வேண்டாம், இறங்கவும் வேண்டாம். ஒரு படம் எடுத்து, இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்து, மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.