தத்தெடுத்தால் நின்றுவிடும் தொகை
சிறப்புத் தேவையுள்ள குழந்தையைத் தத்தெடுப்போருக்கு அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுச் சட்டம் முதல் உதவித்தொகை உண்டு, இங்கே சல்லிக்காசு கிடையாது என்று தத்தெடுப்பு பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று அடித்துச் சொல்கிறது. பாதிதான் உண்மை. தத்தெடுப்புக்கென்று தனித் தொகை இல்லை. ஆனால் கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, பெற்ற பிள்ளை, தத்துப்பிள்ளை என்று பேதம் பார்ப்பதில்லை. ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா, மூளை முடக்குவாதம் உள்ள தன் தத்து மகளுக்கு அதை வாங்குகிறார். வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. மருத்துவச் சான்றில் குழந்தைகள் இல்லத்தில் வைத்த பெயர், தத்து ஆணையில் அக்கா வைத்த பெயர். இரண்டும் ஒரே குழந்தைதான் என்று மேசைக்கு மேசை நிரூபிக்க வேண்டியிருந்தது. கட்டுரை தொடாத முரண் ஒன்றும் இருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு குழந்தையைத் தற்காலிக வளர்ப்புப் பராமரிப்பில் வைத்திருந்தால் மாதம் 4,000 ரூபாய் உண்டு. அதே குழந்தையைச் சட்டப்படி மகளாக ஏற்றுக்கொண்டால் அது நின்றுவிடும். அதை 18 வயது வரை தொடர்ந்தால் என்ன? பணம் கொடுத்தால் பணத்துக்காகவே தத்தெடுப்பார்கள் என்று அந்தக் கட்டுரைக்கான பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, கால் வளர வளர, காலைத் தாங்கப் பொருத்தும் காலிப்பர் சிறியதாகிவிடும். தோல்பட்டை அழுத்தித் தொடையில் சிவந்த தடம் விழுந்துவிட்டால் புதிது செய்தாக வேண்டும். அதற்கும் பிசியோதெரபிக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்கு வர வேண்டும்; பஸ்ஸில் ஏறினால் பிள்ளைக்கு வாந்தி, ஆகவே வாடகைக் கார்தான். இதில் லாபம் பார்க்க வழி தெரிந்தால் என் அக்காவுக்கும் சொல்லிக்கொடுங்கள்.