வாவியில பாய்ப்படகுப் போட்டி: குப்பை பொறுக்கிறதுக்கு முதல் செய்ய வேண்டியது

மட்டக்களப்பு வாவியில் பாய்ப்படகுப் போட்டி வைக்க ஒரு கூட்டம் கூடினால், கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது ஒருவர் "சுற்றாடலுக்கும் ஏதாவது செய்வம்" என்பார். உடனே இரண்டு தீர்மானம் நிறைவேறும். கரையில் நூறு கண்டல் கன்று நடுவது. போட்டிக்கு அடுத்த நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து போத்தல் பொறுக்குவது. படம் எடுக்க இரண்டும் நல்லது. அந்தப் போத்தலைக் கரைக்குக் கொண்டுவந்து இறக்குவதே நாம்தான் என்பதை மட்டும் அந்த நேரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு போட்டி வாவியை எவ்வளவு கெடுக்கும் என்பது ஆறேழு கிழமைக்கு முன், போட்டி அறிவித்தலை எழுதும் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. எத்தனை படகு, யாருடைய படகு, எத்தனை எஞ்சின், ஓட்டப்பாதையைக் காட்டும் மிதவையை எதில் கட்டுவது, தண்ணீர் எதில் கொடுப்பது எல்லாம் அங்கேதான் தீர்கிறது. அறிவித்தலில் எழுதாததை ஓட்ட நாளில் ஒலிபெருக்கியில் கெஞ்சிப் பலனில்லை.

முதலில் நம்முடைய தண்ணீரைப் பற்றி. வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். ஆனால் ஆழமில்லை, பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவு. பாலமீன்மடுவில் முகத்துவாரம் மாரி வெள்ளத்தில் திறக்கும், கோடையில் மணல் மூடி அடைபடும். பாய்ப்படகு ஓட மழையில்லாத, காற்றுள்ள மாதங்கள்தான் தோது, அதாவது கச்சான் காற்று அடிக்கிற காலம். அதே மாதங்களில்தான் வாவி மூடிவைத்த சட்டிபோலக் கிடக்கும். அப்போது விழுகிற எண்ணெய்க்கும் சோற்றுக்கும் கடலுக்குப் போக வழியில்லை. அடுத்த மாரி வரைக்கும் அது இறாலோடும் நண்டோடும் நம்மோடும்தான். திறந்த கடலில் நடக்கும் போட்டிகளுக்கு எழுதிய ஆலோசனைகளை அப்படியே இங்கே கொண்டுவருகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்.

அடுத்தது படகு. வெளியூர்க் குழுக்கள் தங்கள் படகோடு வரவேண்டும் என்று அறிவித்தலில் எழுதினால், கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் லொறி ஓடும், பிறகு திரும்பியும் ஓடும். லேசர் வகைப் படகு ஒன்றின் உடல் 59 கிலோதான், ஆனால் 4.23 மீற்றர் நீளம் இருப்பதால் லொறியில் பாரத்தைவிட இடம்தான் முதலில் முடியும். இதற்கு மாற்று, எட்டுப் படகை இங்கேயே வைத்து இருபத்து நான்கு குழுவை மூன்று பிரிவாக மாறி மாறி ஓடவிடுவது. குழுக்கள் தங்கள் மிதப்பு அங்கியோடு உதயதேவி ரயிலில் வந்து இறங்கலாம். சிக்கல் என்னவென்றால் எட்டுப் படகும் ஒரே மாதிரி ஓடாது. தோற்றவர் படகைத்தான் குறை சொல்வார். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் படகு மாறும்படி அட்டவணை போட வேண்டும். உடைந்த கொக்கி, கிழிந்த பாய் என்று அந்தந்தப் படகின் பழுதை எழுத ஒரு கொப்பி வேண்டும். ஆள் மாற்றுவது இறங்குதுறையில் நடக்கட்டும். கரையில் இழுத்து மாற்றினால் படகின் பைபர் உடலும் தேயும், கரைப் பூண்டும் மிதிபட்டுப் போகும்.

வெளியூர்ப் படகு வந்தே தீரும் என்றால், ஏற்றும் இடத்திலேயே கழுவிக் காயவைத்துக் கொண்டுவர வேண்டும் என்று எழுதுங்கள். ஆற்றுவாழை, சல்வீனியா என்கிற மிதக்கும் களைகள் படகின் நடுப்பலகைப் பொந்துக்குள், இழுவை வண்டியின் சட்டத்துக்குள், நனைந்த கயிற்றுச் சுருளுக்குள் ஒளிந்து வரும். விரல்நீளத் துண்டு போதும். உப்புத் தண்ணீரில் அது செத்துவிடும் என்று சொல்வார்கள். வாவியின் மேற்பகுதி எப்போதும் உப்பாக இருப்பதில்லை. மாரியில் இன்னும் நன்னீராகும்.

இப்போது எஞ்சின். வாவிக்கு நேரடியாகத் தீங்கு செய்வதில் இதுதான் முன்னால் நிற்கிறது. பழைய காபரேற்றர் வைத்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் குடிக்கிற எரிபொருளில் கால்வாசி வரை எரியாமலே புகைப்போக்கி வழியே தண்ணீருக்குள் போகும். ஐம்பதுக்கு ஒன்று என்று கலந்தால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய். அதிலும் ஒரு பங்கு அதே வழியில் போகும். மெதுவாக உறுமிக்கொண்டு நிற்கும்போதுதான் மோசமாக எரியும். பாதுகாப்புப் படகுகள் நாள் முழுக்கச் செய்வதும் அதைத்தான். ஆகவே முதல் கட்டளை: படகு நிற்கும்போது எஞ்சின் நிற்கட்டும். நங்கூரக் கல்லைப் போட்டு நில்லுங்கள், அல்லது காற்றோடு அசையுங்கள். 15 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 6 லீற்றர் அளவில் குடிக்கும். ஒவ்வொரு பயிற்றுநருக்கும் ஒரு படகு என்று விட்டால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். பயிற்றுநர்கள் ஒரே படகில் இருந்து பார்க்கட்டும். மீட்புப் படகில் மட்டும் ஒன்றையும் குறைக்கக்கூடாது. ஐந்தாறு பாய்ப்படகுக்கு ஒன்று என்ற கணக்கில் நிற்கட்டும், அவை ஃபோர்-ஸ்ட்ரோக்காக இருக்கட்டும். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் எஞ்சின்களை அன்றைக்கு மட்டுமாவது கரையில் விடலாம்.

மின் மோட்டார் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: 12 வோல்ற் சிறிய மோட்டார் முழு வேகத்தில் 50 அம்பியர் வரை இழுக்கும். 100 அம்பியர்-மணி ஈய அமில மின்கலத்தைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் கெடும், ஆக முழு வேகத்தில் கையில் இருப்பது ஒரு மணித்தியாலம். மிதவை போடவும் நடுவரை ஏற்றி இறக்கவும் அது போதும். கவிழ்ந்த படகை நோக்கிக் காற்றை எதிர்த்து ஓட அதை நம்பாதீர்கள். நெஞ்சளவுத் தண்ணீரில் மிதவை போடுவதற்குக் கம்பூன்றும் தோணிக்காரர் ஒருவரைக் கூலிக்குப் பிடித்தால் அந்த மோட்டாரும் வேண்டாம்.

எரிபொருள் ஊற்றுவது கரையில், தண்ணீரிலிருந்து பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி, அடியில் ஒரு தட்டம் வைத்து. தாங்கியை வாய் வரை நிரப்பாதீர்கள், பத்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். மட்டக்களப்பு மத்தியான வெயிலில் பெற்றோல் விரியும். மூடியின் காற்றுத் திருகைத் திறந்துவைத்தால் வழியும்; மூடிவைத்தால் தாங்கி ஊதி, குழாய் வழியே எரிபொருளை எஞ்சினுக்குத் தள்ளும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு படகைச் சுற்றி வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் பாதி நேரம் காரணம் இதுதான். குழாயைக் கழற்றிவிட்டுத் தாங்கியை நிழலில் வைத்தால் தீர்ந்தது. சிந்தினால் காய்ந்த தும்புத்தூளைத் தூவி அள்ளுங்கள். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றாதீர்கள். படலம் கண்ணுக்கு மறையும்; எண்ணெய் சிறுதுளியாகப் பிரிந்து கீழே போய் மீன்குஞ்சைச் சேரும்.

மிதவை என்றால் எல்லோரும் மேலே தெரிகிற செம்மஞ்சள் பந்தைத்தான் பார்ப்பார்கள். வாவிக்குக் கவலை அதன் அடிப்பக்கம். கொளுவி நங்கூரமும் சங்கிலியும் போட்டால், காற்று மாறும்போதெல்லாம் சங்கிலி வட்டமடித்து அடியிலுள்ள கடற்புல்லைச் சுரண்டும். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். சங்கிலியை விட்டுவிட்டு மணல் மூட்டை போடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: 20 கிலோ மணல் தண்ணீருக்குள் 12 கிலோ சொச்சம்தான் நிறுக்கும். ஒரு மூட்டை போட்டு மிதவை நகர்ந்துபோனது என்றால் குறை மிதவையில் இல்லை. இரண்டு மூட்டை கட்டுங்கள். உரப்பை வேண்டாம், வெயில்பட்ட உரப்பை தும்பு தும்பாக உதிரும். சணல் சாக்கை இரட்டையாகப் போட்டு, மணலுக்குப் பதில் சிறு சல்லி நிரப்பினால் கசியாது. ஒன்றரை மீற்றர் ஆழத்துக்கு ஐந்து மீற்றர் கயிறு போதும். நீல நிறப் பிளாஸ்ரிக் கயிறு மிதக்கும். மிதந்து சுக்கானிலும் எஞ்சின் விசிறியிலும் சுற்றும், பிறகு அவசரத்தில் வெட்டுவார்கள், வெட்டிய துண்டு வாவியில் தங்கும். மிதவைக்கு ஒரு மீற்றர் கீழே ஒரு கிலோ பாரம் கட்டித் தொங்கவிட்டால் கயிறு நேராக இறங்கி நிற்கும், சிக்காது. எடுக்கும்போது மூட்டைக்கு நேர் மேலே வந்து தூக்க வேண்டும். படகால் இழுத்துக்கொண்டு போனால் சங்கிலி போட்டதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

ஆழம் குறைந்த இடத்தில் மூங்கில் கம்பு குத்திவிடலாமே என்று ஒரு யோசனை வரும். செலவில்லை, புல்லுக்கும் பெரிய சேதமில்லை. ஆனால் படகு மோதினால் மிதவைபோல விலகாது, பைபரைக் கிழிக்கும். காற்று மாறினால் பிடுங்கி நட வேண்டும். மறந்துவிட்டு வந்த ஒரு கம்பு இரவில் தங்கூசி வலையைக் கிழிக்கும், வலைக்காரரின் வாயில் அடுத்த பத்து வருடத்துக்கு நம் போட்டியின் பெயர் இருக்கும். தொடக்கக் கோட்டுக்கு மட்டும் கம்பு, திருப்பங்களுக்கு மிதவை என்பது என் தேர்வு.

காற்று மாறுவதைச் சொன்னேன். இங்கே அந்தக் காலத்தில் காலையில் தரையிலிருந்து கச்சான், பின்னேரம் கடலிலிருந்து எதிர்க்காற்று. ஓட்டப்பாதையை இரண்டு திசையிலும் ஓடத்தக்கதாக அமைத்து, காற்று வரும் பக்கத்து மேல் மிதவையும் அதற்கு எதிர்ப்பக்கத்துக் கீழ் மிதவையும் வேலையை மாற்றிக்கொள்ளும்படி வைத்தால், மத்தியானம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு எஞ்சின் படகு அங்கும் இங்கும் ஓடத் தேவையில்லை.

தண்ணீருக்கு வருவோம். ஓட்டுநர், நடுவர், தொண்டர் எல்லாம் சேர்த்து இருநூறு பேர், ஆளுக்கு மூன்று லீற்றர் என்றால் 600 லீற்றர். அரை லீற்றர் போத்தலாக வாங்கினால் 1200 போத்தல், 1200 மூடி. போத்தலைப் பொறுக்கலாம், மூடி காற்றோடு போய்விடும். 19 லீற்றர்க் கலனாக வாங்கினால் 32 கலன். இந்த ஏற்பாடு தோற்பது தண்ணீர் போதாமல் இல்லை, குழாய் போதாமல். கைப்பம்பில் ஒரு போத்தல் நிரப்ப இருபது விநாடி. ஒரே குழாயில் இருநூறு பேர் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். வரிசையைப் பார்த்தவர் கடைக்குப் போய்ப் போத்தல் வாங்குவார். ஆறு குழாய் வைத்தால் பதினொரு நிமிடத்தில் முடியும். மீட்புப் படகு ஒவ்வொன்றிலும் பத்து லீற்றர்க் கலன் ஒன்று இருந்தால் தண்ணீரில் நிற்கிறவர் கரைக்கு வர வேண்டியதில்லை. கடதாசிக் கோப்பை என்று சமாளிக்காதீர்கள், அதற்குள்ளும் பிளாஸ்ரிக் பூச்சு.

சாப்பாடு பொதியாக வந்தால் தோல்வி. இருக்கிற இடத்தில் பரிமாறுங்கள், கறி ஒழுகுகிற பிரச்சினையே வராது. எவர்சில்வர் சாப்பாட்டுக் கோப்பை வாடகைக்கு எடுத்துவிட்டு அதற்கு மேல் பொலித்தீன் தாள் விரிக்கிற பழக்கம் நம்முடையது. அதை விட்டுவிட்டு வாழையிலையோ தாமரையிலையோ விரிக்கலாம். வாழையிலையை நெருப்பில் வாட்டாமல் வளைத்தால் கிழியும் என்பது நம் சமையல்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிளாஸ்ரிக் கரண்டி, முள்ளுக்கரண்டி, உறிஞ்சுகுழாய், பிளாஸ்ரிக் மாலை எல்லாம் 2023 ஒக்ரோபரிலிருந்து நாட்டில் தடை. அதைப் பேசவே தேவையில்லை, ஆனாலும் அதிதிகளுக்கு மாலை வாங்கப் போகிறவருக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள். மிச்சச் சோறும் எலும்பும் மூடியுள்ள வாளியில் போய்விட வேண்டும். கரையில் கொட்டினால் நாய் வரும், நாய்க்குப் பின்னால் முதலையும் வரலாம். கோப்பை கழுவிய எண்ணெய்த் தண்ணீரும் வாவிக்கு இல்லை, தள்ளியிருக்கிற தென்னைக்கு. குப்பை வாளிகளைப் பிரித்து வைத்தால் போதாது, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். மாநகர சபையோடு முன்கூட்டியே பேசாவிட்டால் பிரித்த மூன்றையும் ஒரே டிராக்டரில் கொட்டிக்கொண்டு போவார்கள்.

சின்னச் சாமான் ஒன்று: ரேப். பாய்ப்படகில் வளையத்தையும் ஆணியையும் சுற்றிக் கறுப்பு ரேப் ஒட்டுவது வழக்கம், கழன்றுவிடக் கூடாது, பாயைக் கிழிக்கக் கூடாது என்று. பின்னேரம் பாய் இறக்கும்போது அதை உரித்துக் காலடியில் விடுவார்கள். படகை அலசித் தள்ளிய தண்ணீரோடு அது வாவிக்குப் போகும். நூல் சுற்றிக் கட்டினால் பருவம் முழுக்க நிற்கும். கழுவுவதற்கும் குழாயைத் திறந்துவிடத் தேவையில்லை. ஒரு வாளி நன்னீரும் பஞ்சும் படகுக்குப் போதும், சவர்க்காரம் வேண்டாம்.

பதாகை பற்றி ஒரே வரி: நம் வாவியின் பாடும்மீனைப் படமாகப் போட்டு பிளாஸ்ரிக் பிளெக்ஸ் அடிப்பது நம் ஊரில் மட்டும் நடக்கிற நகைச்சுவை. துணியில் எழுதுங்கள், வருடம் போடாதீர்கள், அடுத்த முறையும் கட்டலாம். பரிசுக்குக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக் கேடயத்தைவிட மருதமுனைக் கைத்தறிச் சாரம் எவ்வளவோ மேல், வென்றவர் உடுத்தவாவது செய்வார்.

இவை எல்லாவற்றுக்கும் கடிக்கிற பல் வேண்டும், அதாவது தண்டனை. பாய்ப்படகுப் போட்டிகளின் உலக விதிநூலில் 47ஆம் விதி, போட்டியாளரும் அவருக்கு உதவ வருபவரும் வேண்டுமென்றே தண்ணீரில் குப்பை போடக்கூடாது என்கிறது. தண்டனை தகுதிநீக்கத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம் என்றும் அதிலேயே உண்டு. நம் நடுவர்கள் இதைத் தொடாததற்குக் காரணம், ஒரு ரொபித் தாளுக்காக யாரை நீக்குவது என்ற தயக்கம். குறைந்த தண்டனையை அறிவித்தலிலேயே எழுதிவையுங்கள், உதாரணமாக அந்த ஓட்டத்தில் இரண்டு இடம் பின்னுக்கு. அப்போது தயக்கம் இருக்காது.

இதற்கெல்லாம் முன்னால் மீனவர் சங்கத்தோடு பேச வேண்டும். எந்த இடத்தில் வலை, எத்தனை மணிக்கு எடுப்பார்கள், எங்கே இறால் கூடு என்று அவர்கள் காட்டிய பிறகே வரைபடத்தில் கோடு போடுங்கள். கண்டல் கரையிலிருந்து குறைந்தது நூறு மீற்றர் விலகி. மறித்த மணித்தியாலங்களுக்கு உழைப்பை ஈடுசெய்யக் காசு ஒதுக்குங்கள். கண்டல் கன்றுக்கு ஒதுக்கிய காசை இதற்கு மாற்றினாலும் பிழையில்லை. உப்பும் நீர்மட்டமும் பாராமல் சேற்றில் குத்திய கன்றில் எத்தனை மிஞ்சும் என்று நட்டவர்களுக்கே தெரியும்.

பின்னேரம் பரிசளிப்புக்கு முன் ஒருவர் கொப்பியோடு இறங்குதுறையில் நிற்கட்டும். காலையில் போன மிதவை ஆறு, மூட்டை பன்னிரண்டு, கயிறு ஆறு, கம்பு இரண்டு. திரும்பி வந்தது பதினொரு மூட்டை என்றால், தோணிக்காரர் போய் அந்தப் பன்னிரண்டாவதைத் தூக்கிக்கொண்டு வரும் வரைக்கும் பிரதம அதிதி கொஞ்சம் காத்திருக்கட்டும்.