டாக்டர் ஆகப்போற பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தாப் போதும், மார்த்தாண்டத்துலேருந்து நாகர்கோவில் வரைக்கும் ஒரே பேச்சுதான். "பிள்ளைக்கு டாக்டராகணும். நீட்டுல கணக்கு கிடையாதுல்லா, கணக்கில்லாத பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தாப் போதும்." சில வாத்தியார்மாரே இப்படித்தான் சொல்லிக் குடுக்காங்க. எனக்கு இதுல கொஞ்சமும் சம்மதமில்ல.

(நீட் வேணுமா வேண்டாமாங்கிறது தனிப் பஞ்சாயத்து. அதை இங்க இழுக்காதீங்க. இருக்கிற வரைக்கும் பிள்ளைங்க எழுதித்தானே ஆகணும்.)

மொத்தம் 180 கேள்வி, 720 மார்க். பயாலஜி 90, பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45. கணக்குன்னு தனிப் பகுதி இல்லதான். ஆனா கால்குலேட்டரும் கிடையாது, லாக் டேபிளும் கிடையாது. தப்பா எழுதினா இருக்கிற மார்க்குலேருந்து ஒண்ணு போயிரும்.

அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஃபார்மிக் ஆசிட் தெரியாமலா இருக்கும்? ரப்பர் பால்ல ஆசிட் கலந்தா உறைஞ்சுரும்னு சின்னதுலேயே தெரியும். ரப்பர் துகள் மேல உள்ள நெகட்டிவ் சார்ஜை ஆசிட் சரிக்கட்டிருது, அதான் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதுன்னு சொன்னா டக்குன்னு பிடிச்சுக்கும். அதே பிள்ளைகிட்ட 0.1 மோலார் ஃபார்மிக் ஆசிட்டோட பி.ஹெச் என்னன்னு கேளுங்க. அமில மாறிலி 1.8 × 10⁻⁴. ரெண்டையும் பெருக்கினா 1.8 × 10⁻⁵. அதுக்கு வர்க்கமூலம் எடுக்கணும். பேனா நிக்கிறது இங்கதான். அடுக்கு ஒற்றைப்படையா இருக்கு, அதனால 18 × 10⁻⁶னு மாத்தி எழுதணும்னு தோணாது. தோணிட்டா 4.2 × 10⁻³, அப்புறம் லாக் போட்டா பி.ஹெச் சுமார் 2.4. இதுல கெமிஸ்ட்ரி ரெண்டு வரிதான். மிச்சம் முக்கால்வாசி ஒன்பதாம் வகுப்பு அடுக்குக்குறி.

பிசிக்ஸ் இன்னும் மோசம். ப்ளஸ் ஒன் புத்தகத்துல ரெண்டாவது பாடத்துலேயே வெக்டரும் வகையிடலும் (டிஃபரன்ஷியேஷன்) வந்துருது. பயோ மேத்ஸ் பிள்ளைக்கே வகையிடல் கணக்குப் புத்தகத்தோட ரெண்டாம் தொகுதியிலதான் வரும். பாவம், பிசிக்ஸ் வாத்தியார்தான் அதையும் சேத்து நடத்தணும். பியூர் சயின்ஸ் பிள்ளைக்கு அந்த ரெண்டாம் தொகுதியும் இல்ல. வேக-நேர வரைபடத்தோட சாய்வு முடுக்கம், பரப்பு இடப்பெயர்ச்சி. இது புரியாம நூறு ஃபார்முலா மனப்பாடம் பண்ணி என்ன பிரயோஜனம்?

சரி, பயாலஜியிலயாவது தப்பிக்கலாமா? ஹார்டி-வெயின்பெர்க்னு ஒரு விதி, ஒரு கூட்டத்துல மரபணு வகைகள் எந்த விகிதத்துல இருக்கும்னு சொல்றது. ஒரு கூட்டத்துல 16 சதவீதம் பேருக்கு ஒடுங்கு பண்பு தெரியுது, கலப்பு மரபணு உள்ளவங்க எத்தனை சதவீதம்? 0.16-க்கு வர்க்கமூலம் 0.4, ஒண்ணுலேருந்து கழிச்சா மத்தது 0.6, ரெண்டையும் பெருக்கி இரட்டிச்சா 48 சதவீதம். எட்டாம் வகுப்பில் படிச்ச இருபடி முற்றொருமைதான் இது.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல சீட்டு கிடைச்சப்புறமும் கணக்கு விடாது. 12 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல், கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாரசிட்டமால்னா 180 மில்லிகிராம். 5 மில்லியில 120 உள்ள சிரப்புன்னா 7.5 மில்லி. 5 மில்லியில 250 உள்ளதுன்னா 3.6 மில்லி. புள்ளி ஒரு இடம் நகர்ந்தா மருந்து பத்து மடங்கு.

அதுக்காக ஆறாம் வகுப்புலேயே நீட் ஃபவுண்டேஷன்னு லட்சக்கணக்குல கட்டச் சொல்லல. அங்க பெரும்பாலும் கொடுக்கிறது ஒரு கட்டு கொள்குறி வினாத்தாள். அதுக்குப் பதிலா பின்னம், விகிதம், அடுக்கு, வரைபடம், முக்கோணவியல் இதையெல்லாம் அவசரமில்லாம நடத்துற ஒரு நல்ல கணக்கு டீச்சர் கிடைச்சாப் போதும். 7.5 சதவீத ஒதுக்கீட்டுல போட்டியிடுற அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கும் முதல்ல தேவை இதுதான். பியூர் சயின்ஸ்ல ஏற்கனவே சேத்தாச்சுன்னா ஒண்ணும் குடி முழுகிப் போயிரல. லீவு நாள்ல தினமும் ஒரு மணி நேரம் இதைப் பாத்தாலே பாதி சரியாயிரும்.

வீட்டுல ஒரு சின்னப் பரீட்சை வைங்க. 0.0036-க்கு வர்க்கமூலம். 3 ஓமும் 6 ஓமும் பக்க இணைப்புல இருந்தா மொத்த மின்தடை. சைன் 30 டிகிரி எவ்வளவு. ஃபோனைத் தொடாம மூணுக்கும் விடை வந்தா எந்த குரூப்ல வேணும்னாலும் சேருங்க. வரலன்னா, கோச்சிங் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி பக்கத்துத் தெரு கணக்கு சாரை ஒரு தடவை போய்ப் பாருங்க.